மீனைப் புரட்டச் சொன்னேன்

அந்த மேசையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். என் சீன முதலாளி லிம் தவுக்கே, அவருடைய சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய கிராணி கெங், வாசுதேவநல்லூர்ப் பண்ணையின் சின்ன முதலாளி கோமதிநாயகம், நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவர் மீரான் அண்ணாச்சி. தென்காசியிலிருந்து என்னைப் பினாங்குக்குக் கூட்டிவந்து தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். “பன்னி வேகுத சட்டியிலதான் அங்கன எல்லாமே வேகும், நான் வரலப்பா” என்றவர், போகிறபோக்கில், “ஒம் மூஞ்சி இன்னைக்குச் சரியில்ல இசக்கி” என்றும் சொன்னார். இன்னொருவர் என் அப்பா சுடலை. குற்றாலத்தில் அது சாரல் காலம். அந்த நேரத்தில் அவர் பேரருவிக்கு முன்னால் யாருடைய முதுகிலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார்.

பினாங்குக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் சீனன் கடையில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. உட்கார்ந்ததும் சாப்பாடு வராது. கொதிக்கிற தண்ணீர் ஒரு சட்டியில் வரும். நம் கிண்ணத்தையும் குச்சியையும் நாமே அதில் அலசிக்கொள்ள வேண்டும். கோடீஸ்வரரான தவுக்கேயும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிண்ணம் கழுவுவார். சின்ன முதலாளி அதைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். “என்ன தம்பி, கூப்பிட்டு உக்காரவச்சுப் பாத்திரம் கழுவச் சொல்லுதான்?” நான் சிரிக்கவில்லை. அவருடைய கிண்ணத்தையும் வாங்கி நானே கழுவி வைத்தேன். அவர் அதை என் குணம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அவர் மனம் எதிலும் சுணங்கிவிடக் கூடாது என்றுதான் நான் பார்த்துக்கொண்டேன். அவர் நிறையச் சாப்பிட வேண்டியிருந்தது.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும். சாரல் விழுந்துவிட்டால் பண்ணைக் குடும்பம் குற்றாலத்துக்கு வந்துவிடும். ஒரு பங்களா, இரண்டு சமையல்காரர்கள், ஒரு ஜீப். பெரிய முதலாளிக்குத் தினமும் காலையில் எண்ணெய் தேய்ப்பது அப்பா. ஆளுக்கு எட்டணா கூலி. பெரிய முதலாளி மட்டும் ஒரு ரூபாய் கொடுப்பார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சாரல் காசு கையில் இருக்கும்போதே, அடுத்த பங்குனியில் வரும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்காக அப்பா எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதலாளியிடம் ஆசீர்வாதம் வாங்க வரச் சொன்னார். போனேன்.

பங்களா முன்கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மலைத் தோட்டத்திலிருந்து ஒரு கூடை மங்குஸ்தான் வந்திருந்தது. குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தும் அந்தப் பழத்தை நான் கூடைக்குள் பார்த்ததோடு சரி. என்னைவிட நான்கு வயது மூத்த கோமதிநாயகம் ஒன்றை எடுத்து நீட்டினார். “ஏலே, படிக்குத பய, இந்தா.” நான் வாங்கிக்கொண்டேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், “இது எப்படித் திங்கணும், சின்ன முதலாளி?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “அப்படியே கடி. கொய்யா கணக்கா.”

கடித்தேன். அந்தத் தோலின் கசப்பை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. நாக்கு மரத்துப்போய், வாய் முழுக்க ஊதாச் சாறு ஒழுகி, சட்டையின் நெஞ்சில் இறங்கியது. கூடமே சிரித்தது. ஒருவர், “இன்னொரு கடி கடி, உள்ள வெல்லம் இருக்கு” என்றார். கடித்தேன் என்று எழுத இன்றும் என் கை கூசுகிறது. ஆனால் கடித்தேன். அப்போது ஒரு சிரிப்பு மட்டும் தனியாக எனக்குக் கேட்டது. அது அப்பாவின் சிரிப்பு. பெரிய முதலாளியின் தோளில் எண்ணெய்க் கையை வைத்தபடி அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மங்குஸ்தான் கறை போகாது. அம்மா சவக்காரம் போட்டு மூன்று நாள் துவைத்தாள். ஊதா, காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு மாறியதுதான் மிச்சம். பரீட்சை அத்தனை நாளும் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் நடந்தேன். பாஸ் செய்தேன். கப்பலேறினேன். பினாங்கில் இறங்கிய மறுநாள், தெருவோரத்தில் அந்தப் பழம் குன்றாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்தேன். கூலிப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி, வெள்ளைச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் வித்தை. அதை ஒரு ஆள் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஆள்தான் என் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், விவசாயத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று வியாபாரத்தில் இறங்கியிருந்தார். தென்காசிப் பக்கத்துத் தறிகளில் நெய்த சாரங்களைப் பதினாறு பேல் கட்டிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். இங்கே அதைக் கைலி என்பார்கள். தவுக்கேயின் தொங்கான்கள், கடலோடும் அந்தப் பெரிய மரப்படகுகள், சுமத்ராவின் துறை துறையாகப் போய்ச் சரக்கு விற்கும். தவுக்கே சரி என்றால் பதினாறு பேலும் போகும், வருஷா வருஷம் போகும். வேண்டாம் என்றால் துறைமுகக் கிட்டங்கியில் வாடகை ஏறிக்கொண்டே கிடக்கும். தவுக்கே எந்த வியாபாரத்தையும் ஆபீசில் பேசி முடிக்க மாட்டார். ஒன்றாகச் சாப்பிட்டு ஆளைப் பார்ப்பார். கடைசித் தட்டு காலியானதும் பதில் சொல்வார். பேச்சை மொழிபெயர்க்கவும், இன்ன சாப்பாடு வேண்டுமென்று கடையில் சொல்லவும் என்னை உட்காரவைத்திருந்தார்.

சொன்னேன். ஊரில் நினைத்துப் பார்க்கவே முடியாததையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன்; ஒரு தட்டை அவர் முகம் சுளித்து ஒதுக்கினால் போதும். முதலில் கறுப்பு முட்டை வந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் பூசி மாதக்கணக்கில் மூடிவைத்தது. வெள்ளைக் கரு பழுப்புக் கண்ணாடியாகவும் மஞ்சள் கரு பச்சைக் களிம்பாகவும் இருக்கும். சின்ன முதலாளி ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு முழு முட்டையையும் வாயில் போட்டு மென்றார். “நம்ம பழைய கருவாட்டு வாடைதான் தம்பி, பரவால்ல” என்றார். அடுத்து சொறிமுட்டை. கடற்கரையில் வழுவழுவென்று குடை மாதிரி செத்து ஒதுங்கிக் கிடக்குமே, அதுதான், நாடா நாடாக நறுக்கி எள்ளெண்ணெய் விட்டது. அதையும் தின்றார். நகத்தோடு கோழிப் பாதம். “நம்ம ஊர்ல இதத் தூரப் போட்டுருவோம்லா” என்று சிரித்துக்கொண்டே எலும்பைக் கடித்துத் துப்பினார். தவுக்கே அதைப் பார்த்து உரக்கச் சிரித்து, தன் குச்சியாலேயே இன்னொரு பாதத்தை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார். விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கடலட்டை வந்தது. இஞ்சி போட்டு வதக்கிய தவளை வந்தது. இது என்ன என்று கேட்டார். தவளை என்றேன். வாந்தி எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் கோத்தது. ஆனால் விழுங்கினார். விழுங்கிவிட்டு, “இன்னொரு துண்டு வைக்கச் சொல்லு” என்றார்.

எனக்கு உள்ளே எரிந்தது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் தவுக்கேயின் முகம் மலர்ந்துகொண்டே போனது. “இந்த ஆளை நம்பலாம். தனக்குப் பிடிக்காததையும் வீணாக்கவில்லை” என்று ஹொக்கியன் சீனத்தில் என்னிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. “உப்புச் சரியா இருக்கான்னு கேக்காரு” என்றேன்.

நடுவில் சின்ன முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, இந்தச் சரக்குல உங்க அப்பாவும்…” என்று தொடங்கினார். அப்பாவின் பெயரை அவர் வாயில் கேட்டதும் எனக்குக் கூடமும் சிரிப்பும் எண்ணெய்க் கையும்தான் நினைவுக்கு வந்தன. “அப்பாவப் பத்தி இங்கன பேச வேண்டாம், முதலாளி” என்றேன். “சரி. அவரே சொல்லட்டும்” என்று நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக மீன் வந்தது. நீராவியில் வெந்த முழு வாவல். தலையைச் சின்ன முதலாளியின் பக்கம் திருப்பிவைத்தான் பரிமாறுகிறவன். மேல்பக்கத்துச் சதையை எல்லோரும் எடுத்து முடித்தோம். முள் தெரிந்தது. இந்த இடத்தில்தான் தவுக்கேயைப் போன்ற கடலோடிக் குடும்பங்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. மீனைப் புரட்டக் கூடாது. புரட்டினால் கடலில் படகு கவிழும். முள்ளை மேலே தூக்கி எடுத்துவிட்டு அடிச்சதையை எடுக்க வேண்டும். நான் வந்த வருஷம் ஆபீஸ் சாப்பாட்டில் தெரியாமல் புரட்டப் போனேன். கெங் குச்சியால் என் புறங்கையில் அடித்தான், கை வீங்கியது. தவுக்கேயின் தம்பி தொங்கானோடு முழுகிப்போனவர் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

சின்ன முதலாளி குச்சியைக் கீழே வைத்தார். என் பக்கம் சாய்ந்து, மெதுவான குரலில் கேட்டார்: “தம்பி, அடிப்பக்கத்த எப்படி எடுக்கணும்? இவ்வளவு தூரம் வந்துட்டு நான் எதையும் தப்பாப் பண்ணிரக் கூடாது, பாத்துக்கோ.”

பத்து வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. என் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். “அப்படியே புரட்டிப் போடுங்க, முதலாளி. நம்ம ஊர் கணக்கா.”

இரண்டு கையாலும் பிடித்து அழகாகப் புரட்டினார்.

யாரும் கத்தவில்லை. கெங் எழுந்து நின்றுவிட்டான். தவுக்கே தன் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார். அவர் முகம் கோபப்படவில்லை, வெளுத்தது. பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்: “உங்கள் ஊரில் கடல் இல்லையா?” “இல்லை தவுக்கே, அருவிதான் இருக்கிறது” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தெரியாமல் செய்தவன் மேல் கோபப்பட முடியாது, ஆனால் அவன் சரக்கைத் தன் படகில் ஏற்றவும் முடியாது என்பதே அந்தத் தலையாட்டலின் பொருள். விருந்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சின்ன முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “நல்லா நடந்துது தம்பி. எல்லாம் நீ கூட இருந்ததாலதான்” என்றார். அன்றைக்கு வழியில் ஒரு கட்டு மங்குஸ்தான் வாங்கினேன். வந்து பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தித்திப்பாக இருந்தது.

இதை நான் மறைத்து எழுதவில்லை. மாதக்கணக்கில் சந்தோஷமாக இருந்தேன். பதினாறு பேலும் கிட்டங்கியில் கிடந்து, வாடகைக்கும் பற்றாமல் அடிமாட்டு விலைக்குத் தெருவியாபாரிகளிடம் போன செய்தியை மீரான் அண்ணாச்சி சொன்னபோது, தேநீரை இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன். அண்ணாச்சி, “ஒரு ஊர்க்காரன் நொடிச்சா அதுல என்னலே குளிர்ச்சி ஒனக்கு?” என்றார். அவருக்கு வெள்ளைச் சட்டை தெரியாது.

மறுவருஷம் சாரலுக்கு ஊருக்குப் போனேன். பத்து வருஷமாக நான் அனுப்பிய பணத்தில் குத்துக்கல்வலசையில் ஓட்டு வீடு எழும்பியிருக்கும், அப்பா அருவிக்கரையை விட்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். கடைக்காலுக்கு வானம் தோண்டிய குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. அம்மா, “அவுக குத்தாலத்துல இருக்காவ, போய்ப் பாரு” என்றாள். போனேன். பேரருவிக்கு முன்னால் ஒரு பருத்த ஆளின் முதுகை அப்பா தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் என்னோடு கல்லில் வந்து உட்கார்ந்தார்.

“வீடு என்னாச்சுப்பா?”

“வீடு எங்கன ஓடிப்போகுது. சின்ன முதலாளி வந்து கேட்டாருலே. ‘சுடலை, ஒம் மவன் இருக்குத ஊருக்குத்தான் சரக்கு போகுது, ஒரு பங்கு நீயும் போடு’ன்னாரு. முதலாளிக்குக் கூட்டாளியா நானு. நம்ம ஆளுகள்ல எவனுக்கு அது வாய்ச்சுது? லாபம் வந்தபொறவு ஒனக்குச் சொல்லலாம்னு நான்தான் அவரு வாயக் கட்டிப்போட்டேன்.” எண்ணெய்க் கிண்ணத்தைக் கல்லில் ஓரமாக வைத்தார். “அவரு என்ன செய்வாரு பாவம். கடல் தாண்டுன ஏவாரம். ஒன்னய ரொம்பத்தான் பெருமையாச் சொன்னாரு.”

சின்ன முதலாளிக்குப் போனது ஒரு வெள்ளாமையும் ஒரு ஜீப்பும். நிலம் இருக்கிறது, பங்களா இருக்கிறது. அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அந்த ஜீப்புக்காக வருத்தப்படவும் இல்லை.

அப்பா மடியிலிருந்து இரண்டு மங்குஸ்தானை எடுத்தார். “ஒனக்குன்னு வாங்குனேன். இத எப்படிலே திங்குதாவ? அன்னைக்கு நீ தோலோட கடிச்ச. அதுல என்ன தப்புன்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாவ, நானும் சிரிச்சேன்.”

பினாங்குப் பிள்ளைகளைப் போல உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிளந்து, சுளையை அவர் கையில் வைத்தேன். எண்ணெய்க் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் அவரிடம் மீனைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் பங்காகப் போட்டது நான் பினாங்கிலிருந்து அனுப்பிய தொள்ளாயிரம் மலாயா வெள்ளி. தென்காசியில் கைக்கு வந்தபோது ஆயிரத்து நானூறு ரூபாய். பேரருவிக்கரையில், ஆளுக்கு எட்டணா வீதம், இரண்டாயிரத்து எண்ணூறு முதுகு.