அப்பாவின் ஆர்மோனியத்துக்காக ஒரு கீபோர்டு

அப்பா இறந்த சில மாதங்களிலேயே அவருடைய ஆர்மோனியத்தைக் கறையான் பிடித்துவிட்டது. காலால் மிதித்து வாசிக்கும் பழைய பெட்டி அது. காரைக்காலில் அப்பா வாசித்துவந்த மாதா கோயிலுக்குப் புது ஆர்கன் வந்த பிறகு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. இனித் தூக்கினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அம்மாவுக்கோ ஒரே பிடிவாதம், அப்பாவின் முதலாண்டுப் பூசையில் அந்தச் சத்தம்தான் கேட்க வேண்டும். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள் நான். என் தலையில்தானே விடியும்?

அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன். எல்லார் கையிலும் செல்போன் வரத் தொடங்கிய சமயம். கடைக்காரர் பளபளவென்று ஒரு கீபோர்டை எடுத்து வைத்தார்.

"பழைய ஆர்கன் சவுண்டு எல்லாமே இதுல இருக்குங்க, கேளுங்க."

ஏதோ வெளிநாட்டுப் பெரிய கோயில் முழங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு வீட்டுதோ" என்றாள் அம்மா.

அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றுக்கும் இதே பதில். எனக்கு எரிச்சலான எரிச்சல். கடைசியில் அவர் மூலையில் தூசி படிந்து கிடந்த சாம்ப்ளர் கீபோர்டைக் காட்டினார். மைக்கைச் செருகி எந்தச் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தாலும் அதையே கட்டைகளில் திருப்பித் தருமாம்.

"அப்ப அவரு பொட்டிய இதுக்குள்ள வச்சிரலாமா?"

"வச்சிரலாம்மா."

"இதயே எடுத்துக்கடி" என்றாள் அம்மா.

பதிவு செய்ய உட்கார்ந்தபோது ஆர்மோனியம் பளிச்சென்று இருந்தது. முதல் நாளே அம்மா அதைத் துடைத்து, மிதிகட்டையின் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு வைத்திருந்தாள். மைக்கில் ஏறப்போகிற பெட்டி லட்சணமாகக் கேட்க வேண்டுமாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டையாக அழுத்திச் சத்தத்தைப் பிடித்தேன்.

மழைக்காலத்தில் கறையான் வாசற்காலுக்கு ஏறத் தொடங்கியது. பெட்டியைக் கொல்லையில் போட்டுக் கொளுத்த வேண்டியதாயிற்று. அம்மா கலங்கவில்லை.

"அதான் உள்ள வச்சாச்சே" என்றாள்.

பூசையில் வாசித்தேன். அச்சு அசல் அதே பெட்டி என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் அம்மா கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவரு மிதிக்கிறது எங்கடி?"

வாசிப்பதை நிறுத்தினேன். அப்பா மிதிக்கும்போதெல்லாம் அந்த மிதிகட்டை கீச் கீச்சென்று கத்தும். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்குப் பாட்டைவிட அதுதான் முதலில் கேட்கும். நாங்கள் கேலி செய்யாத நாளில்லை.

"நல்லாத்தானம்மா இருந்துச்சு" என்றேன்.

"நல்லா இருந்துச்சுடி. அவரு இல்லாம நல்லா இருந்துச்சு. எண்ணெ விட்டவ நாந்தானே."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். என் கைக்கடியில் அகப்பட்ட கட்டைகளெல்லாம் அப்பாவின் ஆர்மோனியமாக ஒன்றாய் அலறின. அம்மா எட்டி ஸ்விட்சை அணைத்தாள்.