மூன்றும் ஒரே மடக்கில்

என் மனைவிக்குத் தைராய்டு. தினமும் மாத்திரை சாப்பிட்டும் எடை ஏறியது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. சபையில் ஒரு பெண் எடை குறையும் என்று இரும்புச்சத்து கேப்ஸ்யூல் விற்றாள், மனைவி வாங்கிவந்தாள். கால்சியம் மாத்திரை ஏற்கெனவே உண்டு. தாலுகா ஆபீசில் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். காலை ஜெபத்துக்கு முன் மூன்றையும் சேர்த்து விழுங்க அட்டவணை எழுதி ஒட்டினேன்.

அடுத்த இரத்தப் பரிசோதனை முன்னதைவிட மோசம். நெய்யாற்றின்கரை டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டி எழுதப் போனவர், எதை எப்போது சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"எல்லாம் ஒண்ணாத்தான் முழுங்குவேன் டாக்டரே. இவிய போட்ட சட்டமாக்கும்," என்றாள் மனைவி, என்னைக் காட்டி.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார் டாக்டர். கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார். ஊரார் மனுக்களின் பின்பக்கம்வரை படித்தவன், மாத்திரையோடு வந்த தாளைப் பிரிக்கவில்லை.

இப்போது இரத்தத்தில் அளவு சரி. மூச்சு வாங்குவதில்லை. எடை மட்டும் இரண்டு கிலோதான் குறைந்தது. மீதி எப்போது குறையும் என்று அவளிடம் கேட்டேன்.

"அது தைராய்டு இல்ல, மரச்சீனிக் கிழங்கு தின்னதாக்கும்," என்றாள்.