மூன்று தடவை கூப்பிட்ட சொக்கலிங்கம்

எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறவர்களின் பெயர்களைப் பத்து வருஷம் வாசித்தவர் சொக்கலிங்கம். ராமநாதபுரத்துக்காரர். மைக் கெட்டுப்போன நாளில்கூட அவர் தொண்டை ஜங்லிகாட் வரை கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் முழுப் பொய்யில்லை. நான் ராஜமாணிக்கம், அதே ஆபீசில் லக்கேஜ் சீட்டு எழுதுகிறவன்.

எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அந்தக் குரலுக்கு என்னவோ ஆயிற்று. முதல் ஐம்பது பெயர் கணீரென்று வரும். அப்புறம் மூக்கால் பேசுவார். நூறைத் தாண்டினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். இமைகள் பாதிக் கண்ணை மூடிவிடும். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு வாசிப்பார். அரை மணி சும்மா உட்கார்ந்தால் பழைய சொக்கலிங்கம் திரும்பி வந்துவிடுவார். எனக்கு முதுகு சில்லிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

அந்த நேரம் பார்த்து, அந்தக் குரலில் கடைசியாகத் தன் பெயரைக் கேட்டு ஏறிய செல்லம் என்ற அம்மாள் கப்பலிலேயே இறந்துபோனாள். போதாதா? இங்கே குடியேறிய வங்காளிகளிடம் ஒரு பயம் உண்டு. நிசி என்ற ஆவி தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மூன்றாவது தடவை கேட்காமல் வாய் திறக்கக்கூடாது. ராத்திரிக்கான அந்தப் பயத்தைப் பட்டப்பகலில் ஜெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். குரல் மாறியதும் ஒருத்தரும், வந்திருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக, 'ஹாஜிர்' சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு பெயரையும் அவர் மூன்று தடவை கத்த வேண்டும். கத்தக் கத்தக் குரல் இன்னும் செத்தது.

மெட்ராஸிலிருந்து வந்திறங்கிய டாக்டர் பக்தவத்சலம்தான் நின்று கவனித்தார். ஓர் ஊசி போட்டார். பத்து நிமிஷத்தில் இமைகள் தானாக மேலே ஏறின. அவை விழுந்ததைவிட ஏறியதைப் பார்க்கப் பயமாக இருந்தது. டாக்டர் என் லக்கேஜ் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.

"நரம்பு வந்து தசையைத் தொடுற இடம் இருக்கே, அங்க தசையோட மேல்சவ்வுல ஒருவகைப் புரதம் பதிஞ்சிருக்கும். நரம்பு அனுப்புற சேதியை வாங்குறது அதுதான். இவர் உடம்பே அதை அழிக்குது. சேதி வருது, வாங்க ஆள் இல்ல. பேசப் பேச மோசமாகும். மூச்சு விடுற தசைக்கும் இதே கதைதான், ஜாக்கிரதை."

அதன்பின் மாதா மாதம் கப்பலில் மாத்திரை வந்தது. குரல் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஜனங்கள்தான் பழக்கத்தை விடவில்லை.

எழுபத்தைந்து ஆகஸ்டில் புயலால் கப்பல் பதினோரு நாள் தாமதம். மாத்திரை தீர்ந்து நாலாம் நாள்தான் அது வந்து நின்றது.

"இன்னைக்கு நீ வாசிப்பா," என்றார் சொக்கலிங்கம்.

"லக்கேஜை யாருண்ணே பாக்குறது? உங்க மாத்திரைப் பார்சலை நான் ஜல்தியா வாங்கியாறேன். மெதுவா வாசிங்க."

அந்தப் பட்டியலைத் தொட எனக்குத் தைரியமில்லை. அதுதான் நிஜம்.

கப்பலில் ஏறினேன், பார்சலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன், இறங்கினேன். அவருக்கு இருபதடி தள்ளி முதுகு காட்டி நின்று ஒரு கூலியாளிடம் வள்வள்ளென்று கத்திக்கொண்டிருந்தேன். பின்னால் அந்தக் குரல், "ராஜமாணிக்கம்," என்றது.

என் பெயர் பட்டியலில் இல்லை. டாக்டர் போட்ட படத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறவன் நான், திரும்பவில்லை. இரண்டாவது தடவை வெறும் காற்றாக வந்தது. மூன்றாவதற்காக நின்றேன்.

எவ்வளவு நேரமோ. திரும்பிப் பார்த்தபோது சொக்கலிங்கம் மேஜைமேல் சாய்ந்திருந்தார். நெஞ்சு எழும்பவில்லை. சுற்றிலும் இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு, அவர் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்கள். அது நோயென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பாவி.