கண் இமைக்காத பன்னிரண்டு பேர்

லம்துவன் அக்கா மூளையும் கல்வியும் பற்றி முதுகலை படிக்கச் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், ஆசிரியர் அறையில் முதலில் சிரித்தவள் நான்தான்.

"நாப்பத்தாறு வயசுல மூளையப் பத்திப் படிச்சு என்னக்கா பண்ணப் போறீங்க? இருக்கிற மூளையே எடுத்து வச்சுக்க எடமில்ல."

அவர் மூங்கில் கூடையிலிருந்து ஒட்டுச்சோற்றைக் கிள்ளி உருட்டி, மிளகாய்த் துவையலில் தொட்டார். "எனக்கு இல்லடி. சோம்ஓ மாதிரி பிள்ளைங்களுக்கு."

சோம்ஓ அப்போது முதல் வகுப்பு. வயல் நண்டு பிடிப்பதில் கெட்டிக்காரி. பேச ஆரம்பித்தால் வாய் மூடாது, புத்தகத்தைத் திறந்தால் வாய் திறக்காது. இப்படி ஆண்டுக்கு ஐந்தாறு பேர் எங்களிடம் வருவார்கள். எழுத்துத் தெரியாமலே அவர்களை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவோம். மூன்றாம் வகுப்பில் சோம்ஓ என்னிடம் வந்தபோது, 'சோம்பேறி' என்று அவளுடைய மதிப்பெண் அட்டையில் எழுதினேன். என் கையெழுத்து அதில் இன்றும் இருக்கிறது.

எனக்கெல்லாம் அது உறுத்தவில்லை. லம்துவன் அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாக உறுத்தியது. திருமணம், பதவி உயர்வு எதிலும் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. இந்தப் பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். சனி, ஞாயிறுகளில் தொண்ணூறு கிலோமீட்டர் பேருந்தில் பல்கலைக்கழகம் போவார். புள்ளியியல் பாடத்தில் இரண்டு முறை தேறவில்லை, மூன்றாம் முறை தேறினார். பிறகு ஓராண்டு அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தார். ஐந்து வருடத்துக்குள் முடிக்கவில்லையென்றால் பல்கலைக்கழகம் பெயரை எடுத்துவிடும். ஐந்தாவது வருடத்தில்தான் அவரால் ஆய்வைத் தொடங்கவே முடிந்தது.

ஆய்வு இதுதான். படிக்கத் திணறும் பிள்ளைகள் காலையில் அரை மணி நேரம் மத்தளத்துக்கு ஏற்பக் கை தட்டிச் சொற்களைப் பிரித்துச் சொன்னால், ஒலி வேறுபாடு அவர்கள் மூளைக்குப் பிடிபடுமா? எங்கள் பள்ளியில் பன்னிரண்டு பேர் கை தட்டினார்கள், சோம்ஓவும் அதில் உண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டு பேர் வழக்கமான பாடம் படித்தார்கள். மூன்று மாதம் கழித்து எல்லாருக்கும் பரிசோதனை. தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் பசை விட்டு, காதில் ஒலி கேட்கச் செய்வார்கள். ஒலி மாறும்போது பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணை இமைத்தால் பதிவு கெட்டுவிடும். எங்கள் பள்ளியில் அக்கா தொப்பி மாட்டினார். அங்கே பாங்காக்கிலிருந்து வந்த ஆய்வக உதவியாளர் பாக்கின் மாட்டினார். ஒரே வாரத்தில் இரண்டு ஊருக்கும் போக அக்காவால் முடியவில்லை.

பரிசோதனையில் எங்கள் பிள்ளைகள் அவர்களைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார்கள். ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியை சிரிவிமோனுக்கு ஒரே பூரிப்பு. மாவட்டக் கல்வி அலுவலகம் நாற்பது பள்ளிகளுக்கு மத்தளம் வாங்கப் பட்டியல் கேட்டது. நானும் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது, இமைப்புகளைக் கணக்கிட, பரிசோதனையின்போது எடுத்த ஒளிப்பதிவுகளை அக்கா பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அவருடைய அப்பா முடிதிருத்துபவர். எங்கள் பக்கம் அடுத்தவர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. வாடிக்கையாளர் சின்னப் பிள்ளையாக இருந்தாலும், தலையைத் தொடுமுன் கைகூப்பிவிட்டுத்தான் கத்தரி எடுப்பார். அந்தப் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியை எடுக்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் கும்பிடு போட்டிருக்கிறார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. எங்கள் ஊரில் பிள்ளைகள்தாம் ஆசிரியரைக் கும்பிடும். ஆசிரியர் தங்களைக் கும்பிட்டதும் அந்தப் பிள்ளைகள் விறைத்து நிமிர்ந்ததை நானும் திரையில் பார்த்தேன். சோம்ஓ கண்ணை மூடவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அவளைக் கேட்டோம்.

"டீச்சர் என்னைக் கும்பிட்டீங்கல்ல," என்றாள். "என்னை யாரும் அப்படிக் கும்பிட்டதில்ல. அதான் கண்ண மூடக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அக்கா அன்றைக்கே பாக்கினைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நீ மாட்டின அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இன்னொரு தடவை தொப்பி மாட்டணும் தம்பி. மாட்டுறதுக்கு முன்னாடி கும்பிடு."

"பிள்ளைங்களையா? நானா? விளையாடாதீங்கக்கா."

"தலையத் தொடுறல்ல. கும்பிடு."

அவர் கும்பிட்டார். ஒரு நாள்கூட மத்தளம் கேட்காத அந்தப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் வாங்கிய அளவுக்கே வாங்கிவிட்டார்கள்.

பேராசிரியையைப் பார்க்க அக்காவுடன் நானும் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"புதுசா ஆய்வு பண்ண ஒரு வருஷம் வேணும் லம்துவன். உங்களுக்கு இருக்கிறது ஏழு நாள். முதல் பரிசோதனைய மட்டும் எழுதிக் கொடுங்க. கும்பிட்டதப் பத்தி எந்தத் தேர்வாளரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க, தெரியும்," என்றார் அக்கா. "ஆனா நாப்பது பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வருஷம் முழுக்கக் கை தட்டும். அப்பவும் படிக்க வராது. இவ்வளவு பண்ணியும் படிக்கலயேன்னு யாராவது அதுங்களச் சோம்பேறின்னு எழுதுவாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

மாவட்ட அலுவலகத்துக்கு மத்தளம் வேண்டாமென்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் பல்கலைக்கழகம் அவர் பெயரை நீக்கிவிட்டது. ஆசிரியர் அறையில் இரண்டு பேர், ஐந்து வருடத்தை ஆற்றில் போட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை வந்தது. அக்கா அழுதாரா என்று கேட்டால், ஒரு முறை பேருந்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நான் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கை தட்டிய எங்கள் பன்னிரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா அவர்களைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். கை தட்டியதால் பயன் எதுவும் இல்லை, தான் நினைத்தது தவறு என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எனக்குப் படிக்கவே வராதா டீச்சர்?" என்று சோம்ஓ கேட்டாள்.

எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையிடம் சொல்லாததை அவர் சொன்னார்.

"எனக்குத் தெரியலடா கண்ணு."

சோம்ஓ அக்காவுக்கு இன்னும் அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.