பென்சில் அக்காவின் ஐந்து நிமிடம்

நாடாளுமன்ற அவையின் நடுவில், அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை உண்டு. தொலைக்காட்சியில் அவையைப் பார்க்கிறவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கவனித்திருந்தாலும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகம் ஞாபகம் இருக்காது. அந்த மேசையில்தான் பென்சில் அக்கா இருபத்தாறு வருடமாக ஐந்து ஐந்து நிமிடமாக உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

அவர் சுருக்கெழுத்து நிருபர். அவையில் யார் எது பேசினாலும் ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் கை செத்துவிடும் என்பதால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்திருந்தார்கள். நேரம் முடிகிறபோது அடுத்தவர் சத்தமில்லாமல் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இவர் எழுந்து மாடிக்குப் போய், எழுதியதைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மற்றவர்கள் பேனாவுக்கு மாறி வெகுகாலமாயிற்று. இவர் மட்டும் நான்கு பென்சில்களைச் சீவி எடுத்துக்கொண்டு போவார். பேனா பாதியில் காலை வாரிவிடும் என்பது அவர் கட்சி. அத்தனை கட்சிகள் நடமாடும் கட்டடத்தில் அவருக்கு இருந்த ஒரே கட்சி அதுதான்.

இந்த வேலையில் அர்த்தம் பார்க்கக் கூடாது. காதில் விழுந்தது கை வழியாக இறங்கிவிட வேண்டும், நடுவில் மனசு புகுந்தால் நாலு சொல் போய்விடும். ஓர் உறுப்பினர் தன் தாயின் சாவைச் சொல்லி அழுதபோது அவையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. பென்சில் அக்கா எழுதிக்கொண்டிருந்தார். மாடியில் தட்டச்சு செய்ததைச் சரிபார்க்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. எழுதியதைத் திரும்பப் படிப்பதும் இதே கதைதான். கண் பார்த்ததை வாய் சொல்லிக்கொண்டே போகும். "அக்காவுக்குக் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவுல ஆளே கிடையாது" என்று பிரிவில் இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஆனால் மற்ற நேரமெல்லாம் நடுவில் ஓர் ஆள் இருந்தது, அதன் பெயர் பயம். பென்சில் அக்கா பிறவியிலேயே பயந்தவர். லிஃப்ட் பயம், பழுப்பு நிற உறை பயம், மேலாளர் கூப்பிடுகிறார் என்று யாராவது சொன்னால் அதற்கும் பயம். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தப் பயத்துக்கு ஒரு நிரந்தர முகவரி கிடைத்தது. சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது செவ்வாயும் சனியும் பகல் முழுக்க டயாலிசிஸ் எந்திரத்தோடு படுத்திருந்தார். செலவெல்லாம் அலுவலகம் கொடுத்த மருத்துவ அட்டையில் போயிற்று. வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். வேலை இருக்கிறவரைக்கும் அட்டை, அட்டை இருக்கிறவரைக்கும் அவர். கணக்கு அவ்வளவுதான்.

அவையில் ஓர் உறுப்பினரை எல்லோரும் கேள்வி ஐயா என்பார்கள். கடைசி வரிசைக்காரர், அமைச்சராக ஆகாதவர், இனி ஆகவும் மாட்டார். அவருடைய தொழில் கேள்வி கேட்பது. ஒரு கூட்டத்தொடருக்கு நூறு கேள்வி எழுதிப் போடுவார். குலுக்கலில் நாலோ ஐந்தோ அவையில் வாய்மொழிப் பதிலுக்கு வரும். மீதிக்கு எழுத்தில் பதில் வரும், அதை வரிவரியாகப் படித்துவிட்டு மறுபடியும் கேட்பார். பதினொரு வருடமாக அவருடைய குரல் பென்சில் அக்காவின் நோட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பதிலின் மேல் துணைக்கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒரு செருமல், பிறகு "மாண்புமிகு அமைச்சர் தயவுசெய்து" என்பார். அந்தத் தொடருக்கென்றே அக்கா தனியாக ஒரு சுருக்கெழுத்துச் சுழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இப்படி இருபத்தாறு வருடத்தில் சேர்ந்த சொந்தச் சுழிகள் ஏராளம். அவருடைய நோட்டை அவரைத் தவிர வேறு யாராலும் முழுசாகப் படிக்க முடியாது.

கேள்வி ஐயாவின் தொகுதியில் ஒரு ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த பத்தொன்பது பேர் செத்துப் போனார்கள். பாலம் பலவீனமாக இருக்கிறது என்று முன்கூட்டியே ஆய்வறிக்கை எதுவும் வந்ததா என்று அவர் கேட்டார். வரவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. விடாமல் அவர் மறுபடி கேட்டது குலுக்கலில் வாய்மொழிக்கு வந்தது, வந்தது பென்சில் அக்காவின் ஐந்து நிமிடத்தில்.

ரயில்வே அமைச்சர் வழவழா கொழகொழாவென்று ஏதோ சொன்னார். கேள்வி ஐயா செருமினார். கேட்டது போதாதென்று பதில் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு இறங்கி நடுமேசை வரைக்கும் வந்துவிட்டார். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தினார்கள். அவைத்தலைவர் வேறோர் உறுப்பினரைக் கூப்பிட்டார், அதனால் அமைச்சரின் ஒலிவாங்கி அணைந்தது. அந்தக் கூச்சலுக்குள், அக்காவின் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் நின்றபடி அமைச்சர் கேள்வி ஐயாவைப் பார்த்து ஒரு வரி சொன்னார். கை எழுதியது. பிறகு அவைத்தலைவர் அமைதி, அமைதி என்றார். கை அதையும் எழுதியது.

மாடியில் தட்டச்சு செய்யும்போதுதான் மனசு அந்த வரியைப் பார்த்தது, விரல் விசையிலேயே நின்றது. இருந்தாலும் அடித்துக் கொடுத்தார். பேசியவருக்கு ஒரு பிரதி அனுப்புவது வழக்கம். எண் தவறினால், பெயர் தவறினால் திருத்தலாம், பேசிய பேச்சை எடுக்கக் கூடாது. அமைச்சருக்குப் போன பிரதி ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. அந்த வரி மேல் பச்சை மையில் ஒரு கோடு.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவர் நாற்காலி காட்டியது அதுதான் முதல் தடவை.

"டேப்புல வெறும் சத்தம்தாம்மா இருக்கு. அந்த வரிய எடுத்துட்டுப் புதுசா அடிச்சுக் குடுத்துடுங்க."

"சார், பேசினத எடுக்கக் கூடாதுன்னு..."

"பேசினாருன்னு யாரு சொல்றா?" மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? அட்டை அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல?"

பென்சில் அக்கா புதுசாக அடித்தார். கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது கைப்பிடியை விட முடியவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்பதைவிட, தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதை நினைத்து அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

நிம்மதி நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் கேள்வி ஐயா, உறுப்பினர்களின் புகாரை விசாரிக்கிற அவை உரிமைக் குழுவுக்கு எழுதினார்: அமைச்சர் அவைக்குப் பொய்ப் பதில் கொடுத்தார், உண்மையை என் முகத்துக்கு நேராகச் சொன்னார், அச்சில் அது இல்லை, நிருபரின் மூல நோட்டைக் குழுவின் முன் படிக்கச் செய்ய வேண்டும். கூட்டத்தொடர் முடிகிறவரை மூல நோட்டைக் கிழிக்கக் கூடாது என்று விதி. அதை நூறு கேள்வி கேட்கிற மனுஷர் தெரிந்து வைத்திருந்தார்.

"பயப்படாதீங்க," என்றார் மேலாளர். "நோட்ட நீங்கதான் படிக்கப் போறீங்க. நீங்க படிக்கறதுதான் எழுத்து. வேற யாருக்குப் புரியப் போகுது?"

சனிக்கிழமை பகல். டயாலிசிஸ் அறையில் எந்திரம் முனகிக்கொண்டிருந்தது. பென்சில் அக்கா கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பை மறைவில் நோட்டின் அந்த இரண்டு பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். கூச்சல் என்ற குறி வரைக்கும் படிக்க வேண்டும். அடுத்த வரியைத் தாண்டி அவைத்தலைவரின் அமைதிக்குப் போய்விட வேண்டும். தாண்ட வேண்டிய வரி மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டார்.

கணவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்துல நீ மூச்சு விடுற," என்றார். "ஃபிலிம் அறுந்தா ரெண்டு ஃப்ரேம வெட்டிட்டு ஒட்டுவோம். ஒட்டின இடம் ஓடும்போது தெரியக் கூடாது. மூச்சு விடாம போ."

மறுபடி படித்தார்.

"இப்ப சரி. தெரியவே இல்ல."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த வரி என்ன என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. ரத்தம் குழாயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதைப் பார்த்தபடி அக்கா மூன்றாவது தடவையும் படித்தார்.

திங்கட்கிழமை காலை குழு கூடியது. நீளமான மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு உறுப்பினர்கள். மூலையில் கேள்வி ஐயா. அவருக்கு எதிரே அமைச்சர் சார்பில் ஒரு வழக்கறிஞர். கதவுக்குப் பக்கத்தில் மேலாளர். பென்சில் அக்காவுக்குக் கொடுத்த தண்ணீரில் பாதி புடவையில் போயிற்று. நோட்டைத் திறந்து, கட்டை விரலை அதனிடத்தில் வைத்தார்.

மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல் ஆரம்பித்தார். குழுத் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்படி வேண்டாம்மா. அவையில பேசின வேகத்துலயே படிங்க. அப்பதான் எங்களுக்கு அந்த இடம் புரியும்."

பக்கத்தைப் பழையபடி முதலிலிருந்து பிடிக்க நோட்டை நேராக்கினார். கட்டை விரல் நகர்ந்தது. வேகம் பிடித்தது. அமைச்சரின் வழவழா, கேள்வி ஐயாவின் சுழி, கூச்சல். பென்சில் அக்காவுக்குத் தன் குரல் எங்கேயோ பக்கத்து அறையில் கேட்பது போலிருந்தது. அவைத்தலைவரின் இரண்டாவது அமைதியைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அறையில் யாரும் அசையாமல் இருப்பது தெரிந்தது. யாரோ பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்த வரியைத் தாண்டவில்லை. வாய் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தது.

வழக்கறிஞர் எழுந்தார். "அவங்களுக்கே ஏதோ குழப்பம்னு நினைக்கறேன். பழைய குறிப்பு, அவசரத்துல வாய் தவறியிருக்கலாம்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, மிகவும் கனிவாக, "அப்படித்தானேம்மா?" என்றார்.

மேலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் சொன்னார்: "அந்த ஒரு வரிய மட்டும் மறுபடி படிங்கம்மா."

இந்தத் தடவை பழக்கம் உதவிக்கு வராது. ஒரே ஒரு வரி, வேகம் கிடையாது, மனசு முழுக்க விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆமாம், வாய் தவறிவிட்டது என்று சொன்னால் போதும். அட்டை, செவ்வாய், சனி எல்லாம் அப்படியே இருக்கும். மூலையில் கேள்வி ஐயா செருமவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்சில் அக்கா படித்தார். ஒரு சொல்லும் விடவில்லை.

"அச்சுல இது இல்லையே. கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"யாரு எடுக்கச் சொன்னாங்க?"

அதற்கும் பதில் சொன்னார். சொல்லும்போது கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் கேள்வி ஐயா பின்னாலேயே வந்தார். பதினொரு வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை.

"பெரிய தைரியம்மா உங்களுக்கு."

"இல்லைங்க ஐயா. பயமாத்தான் இருக்கு. இப்பவும்."

அவர், "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. கேள்வி போடறேன்," என்றார். அவருக்குத் தெரிந்த உதவி அதுதான். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த வரி அவைக்குறிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. அமைச்சரைப் பற்றிய குழு அறிக்கையை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளி வைத்தார்கள். மேலாளர் வேறு பிரிவுக்குப் போனார், கொஞ்சம் உயர்வாகவே. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்காகப் பென்சில் அக்காவின் மேல் விசாரணை தொடங்கியது. அது முடிகிறவரை அவைக்குள் வர வேண்டாம் என்று சொல்லிக் கீழ்த்தளத்தில் பழைய தொகுதிகளுக்கு அட்டவணை போட வைத்தார்கள்.

அட்டையைப் புதுப்பிக்கிற சனிக்கிழமை வந்தது. மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள், எழுந்து உள்ளே கொண்டுபோனாள். வழக்கமாக உட்கார்ந்த இடத்திலேயே முத்திரை குத்துவாள். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கணவரின் கால்கள் வீங்கியிருந்தன, செருப்பின் வார் பதிந்திருந்தது. அக்கா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து அட்டை திரும்பி வந்தது.

"உங்க ஆபீஸ்ல மூணு மாசத்துக்குத்தான் ஒப்புதல் குடுத்திருக்காங்க. விசாரணை முடிஞ்சதும் பாத்துக்கலாம்னாங்க," என்றாள் அந்தப் பெண், முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்து ஊசியைச் செருகினார்கள். எந்திரம் முனக ஆரம்பித்தது. மூணு மாசம் என்றால் இருபத்தாறு தடவை என்று அக்காவின் மனசு கேட்காமலே எண்ணிச் சொன்னது.

"முதல் தடவ வாய் தவறிடுச்சு, சரி," என்றார் கணவர், மேலே பார்த்தபடி. "ரெண்டாவது தடவ எதுக்குப் படிச்ச?"

அக்கா போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டார். "என்னை மன்னிச்சிடுங்க," என்றார்.

அவர் ஊசி இல்லாத கையை நீட்டினார்.

"ஒட்டின படத்தத்தான் எனக்கு மூணு வாட்டி ஓட்டிக் காட்டின. வெட்டினத காட்டவே இல்லயே. அந்த வரி என்னன்னு சொல்லு."

நோட்டு வேண்டியிருக்கவில்லை. பென்சில் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவையில் பேசிய அதே வேகத்தில் சொன்னார்:

"வந்தது ஐயா, அறிக்கை வந்தது. வந்த அறிக்கையை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் நான் எப்போது வேலை செய்வது?"

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். "பத்தொன்பது பேரு," என்றார். எந்திரம் நிற்கிறவரை இரண்டு பேரும் கையை விடவில்லை.