உப்புப் பூத்த வயல்

முதலில் கொத்தமல்லித் தழையின் ஈரவாசனை மாடிப்படி ஏறி வரும். அதன் பின்னால்தான் மூட்டையைத் தலையில் சுமந்தபடி சந்தியா மாசி வருவார். கொல்கத்தாவில், டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில், வங்கியில் வேலை பார்த்த அப்பாவோடு நாங்கள் குடியிருந்த காலம் அது. அங்கே 'மாசி' என்றால் சித்தி. தெற்கே, ஆறுகள் கடலில் கலக்கிற இடத்துத் தீவுக் கிராமம் ஒன்றிலிருந்து படகிலும் ரயிலிலும் வந்து, தங்கள் நிலத்தில் விளைந்ததை நிலையத்து வாசலில் விற்பார் மாசி. மிச்சமிருக்கும் கத்தரிக்காயையும் வாழைப்பூவையும் எங்கள் சமையலறையில் கொட்டிவிட்டு, அம்மாவை "பௌதி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, அம்மாவின் அரைகுறை வங்காளிக்குச் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்.

ஒரு தை மாதம் எங்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போனார். அவர் கணவர் நிமாயைச் சித்தப்பா முறையில் 'காக்கு' என்போம்; அவர் ஆற்றங்கரை மேல் எங்களை நடத்திக் கூட்டிப் போனார். ஒரு பக்கம் பொங்கி ஓடும் உப்பு ஆறு, மறுபக்கம் அதைவிடத் தாழ்வாக, அறுவடை முடிந்து மஞ்சளாய்க் கிடந்த அவர் வயல். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்தவர், "ஆறு மேலே, நாங்க கீழே. இந்த மண் கரை நிக்கிற வரைக்கும் பயமில்லை" என்றார். வயலின் தலைமாட்டில் இருந்த குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்கச் சொன்னார். அது நல்ல தண்ணீர். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு தண்ணீர் இருப்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அதற்கடுத்த வைகாசியில் புயல் வந்தது. எங்கள் தெருவில் மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது, பள்ளிக்கு லீவு விட்டார்கள். நாங்கள் குழந்தைகள் விழுந்த கிளைகளில் ஏறிக் குதித்தோம். மாசி மட்டும் வரவில்லை. பல நாள் கழித்து, மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். "நோனா ஜோல், பௌதி" என்றார். உப்புத் தண்ணீர். ஏறிவந்த ஆறு கரையை உடைத்துக்கொண்டு வயலில் இறங்கி, குளத்தில் நிறைந்து, வீட்டுச் சுவரைக் கரைத்துவிட்டிருந்தது. குளத்து மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்ததைச் சொன்னபோதுதான் மாசி அழுதார்.

"நல்ல மழை பெஞ்சா உப்பு கழுவிண்டு போயிடாதா?" என்று அம்மா கேட்டாள். அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மழைக்காலம் பிறந்ததும் காக்கு நெல் விதைத்தார். பச்சையாய் முளையும் விட்டது. பிறகு, யாரோ தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்ததுபோல ஒவ்வொரு தாளும் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. பனிக்காலத்தில் மண் காய்ந்தபோது வயல் முழுக்க உப்புப் பூத்தது. வாழையும் மாவும் நின்றபடியே பட்டுப்போயின. அந்த ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகத் தமிழ்நாட்டுக்குக் கட்டட வேலைக்கு ரயிலேறத் தொடங்கினார்கள்.

புறப்படுமுன் காக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பௌதி, உங்க பாஷையில நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க" என்று கூச்சத்தோடு கேட்டார். தண்ணி, சோறு, வலிக்குது, சம்பளம் எப்போ என்று அம்மா சொல்லச் சொல்ல, அவர் பள்ளிப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னார். 'மழை'யில் வரும் ழகரம் மட்டும் அவர் நாக்கில் கடைசிவரை ஏறவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது, "சாஷிக்கு உங்க பாஷையில என்ன?" என்றார். "விவசாயி" என்றாள் அம்மா. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அங்க யாரும் கேக்கப் போறதில்ல. இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கறேன்."

போன இடத்திலிருந்து அவ்வப்போது எங்கள் வீட்டுக்குப் போன் செய்வார். "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் ஆரம்பிப்பார், அம்மாவுக்குச் சிரிப்பும் பூரிப்பும் தாங்காது. மாசியோ மொத்தச் சந்தையில் யாரோ விளைவித்த காயை வாங்கி வந்து, பழைய இடத்திலேயே விற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. "பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றது ஒரு தமிழ்க் குரல். அம்மா வாங்கிப் பேசினாள். கட்டடத்துச் சாரம் சரிந்து விழுந்ததில் காக்கு போய்விட்டார். எங்கள் வீட்டில் தமிழ் புரியும் என்பதால், ஏதாவது ஆனால் சொல்லச் சொல்லி எங்கள் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தாராம்.

அம்மா செருப்புகூடப் போடாமல் வெயிலில் நிலையத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாசி கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வங்காளி வரவில்லை. "விழுந்துட்டார்... விழுந்துட்டார்..." என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னாள். யார், எங்கே என்று புரியாமல் மாசி என்னைப் பார்த்தார். எங்கள் மூவரில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "மாசி, காக்கு ஆர் நேய்" என்றேன். காக்கு இனி இல்லை. மாசியின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் முழுதும் தரையில் ஓடியது. மாசி அதை நிமிர்த்தவில்லை. உடலைத் தமிழ்நாட்டிலேயே எரித்து, கூட வேலைக்குப் போயிருந்த ஊர்க்காரர்கள் சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாசி இன்று டாக்குரியாவிலேயே ஒற்றை அறையில் இருக்கிறார். போன வருடம், ஊரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றார், கூட்டிக்கொண்டு போனேன். இப்போது கரையைச் சிமென்ட்டில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வயல்கள் எல்லாம் இறால் வளர்க்கும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன; வரப்பு இல்லை, குளம் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரம் இல்லை. "உங்க வயல் எது மாசி?" என்று கேட்டேன். கை நீட்டிக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்ல, அது இல்ல" என்று இன்னோரிடத்தைக் காட்டினார். பிறகு அந்தக் கையையும் கீழே இறக்கிக்கொண்டார்.