பஞ்சு வைக்காத கோட்டு

முகம்மது மைதீனைப் பொறுத்தவரை மனித உடம்புக்கு மூன்றே வெட்டுதான். மூக்கிலிருந்து தொப்புள் வழியாக இறங்கி இடம் வலம் பிரிப்பது ஒன்று. காதிலிருந்து கணுக்கால்வரை இறங்கி முன் பின் பிரிப்பது இன்னொன்று. இடுப்பைச் சுற்றி மேல் கீழ் பிரிப்பது மூன்றாவது. பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் இருபது வருஷமாகத் தைக்கிறார். இந்த மூன்றும் கோணாத ஆள் ஒருவரையும் பார்த்ததில்லை. குடம் சுமந்தவளுக்கு ஒரு பக்க இடுப்பு ஏறியிருக்கும். பெரிய மனிதருக்கு வயிறு முன்னே போய் முதுகு பின்னே வளைந்திருக்கும். அல்லா யாரையும் அச்சில் வார்க்கவில்லை, அதனால்தான் தையல்காரனுக்குப் பிழைப்பு என்பார், கொஞ்சம் கர்வமாகவே.

அந்தக் கர்வத்தைப் பதம் பார்த்தது 1912இல் சர்க்கார் கச்சேரி குமாஸ்தா பவுல்ராஜின் கல்யாணக் கோட்டு. மறுநாள் கல்யாணம். போட்டுப் பார்த்தால் காலர் பிடரியைவிட்டு விலகி நிற்கிறது, முன்புறம் தொங்குகிறது, வலது ஓரம் இரண்டு விரல் இறங்கிவிட்டது. அளவெடுத்த அன்று மாப்பிள்ளை போட்டோவுக்கு நிற்பதுபோல மூச்சடக்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். அதை நம்பி நாடாவை வைத்தது மைதீனின் தப்பு. பன்னிரண்டு வருஷம் குனிந்து நகல் எழுதிய முதுகு எத்தனை நேரம் நிமிர்ந்து நிற்கும்?

"அண்ணாச்சி, பஞ்சு வச்சு நிமித்திரும். பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு உக்காந்தே இருந்துட்டேன். நாளைக்குக் கோயில்ல எல்லாரு முன்னாலயும் நிக்கணும். சாலோமி என்னைக் கூனன்னு நெனச்சிட்டாள்னா?" பவுல்ராஜ் காலரைப் பிடரியோடு சேர்த்து இழுத்துப் பிடித்தார்.

"பஞ்சு வச்சா கோட்டு நிமிரும்வே, நீரு நிமிர மாட்டீரு. கோட்டு ஒரு பக்கம், நீரு ஒரு பக்கம்னு நின்னா ஊரே சிரிக்கும். அங்கன உக்காந்து கச்சேரியில எழுதுற மாதிரி ஒரு பக்கம் எழுதும், பார்க்கேன்."

எழுதி முடித்து எழுந்தவர் நிமிர மறந்துவிட்டார். அதற்காகத்தான் மைதீன் காத்திருந்தார். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல நூலில் கத்தரியைக் கட்டிப் பிடரியிலிருந்து தொங்கவிட்டார். கழுத்து மூன்று விரல் முன்னே, வலது தோள் ஒன்றரை விரல் கீழே. கோட்டு முழுவதையும் பிரித்து, முதுகுக்குத் துணி கூட்டி, முன்னால் குறைத்து, வலது தோளை இறக்கித் தைத்தார். அந்தி நேரத்து மக்ரிப் பாங்குக்கு முன்னால் வேலை முடிந்தது.

மறுநாள் தேவாலயத்தின் பக்கவாசலில் நின்று பார்த்தார். பவுல்ராஜ் தன் இயல்பிலேயே நின்றார், பதிவேட்டில் குனிந்து கையெழுத்துப் போட்டார். கோட்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மைதீனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கூட்டம் கலைந்ததும் மணப்பெண் புருஷனிடம் விசாரித்து, அவரையும் அழைத்துக்கொண்டு நேரே மைதீனிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இவுக கோட்டு நீங்க தைச்சதா?"

"ஆமாம்மா."

அவள் தன் ரவிக்கையின் இடது தோளைத் தொட்டாள். "எனக்கு இந்தத் தோளு தாழ்வு. இவுக கண்ணுல பட்டுரக் கூடாதேன்னு உள்ள பஞ்சு அடைச்சிருக்கேன். காலையில இருந்து பயந்தே செத்தேன்." பவுல்ராஜை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "நாளைக்கே எனக்கு ஒரு ரவிக்கை வெட்டுங்க அண்ணாச்சி. நான் எப்பிடி இருக்கேனோ, அப்பிடியே."